கால் சுற்று

அவள் மூடிய குழாயை மறுநாள் திறக்க வீட்டில் இரண்டு பேர் வேண்டும். சர்க்கரை டப்பாவைக் கணவர் முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார். "இவ மூடினது மூடினதுதான்" என்று அவர் அலுத்துக்கொள்வதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். அவள் வேலை பார்க்கும் லேசர் ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். அங்கே அவளுக்குத் திருகாணியக்கா என்றே பெயர்.

இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறாள். பேசிக்கொண்டே தேய்ப்பாள், பேச ஆளில்லாவிட்டால் லென்ஸோடு பேசுவாள். இம்முறை நான்கு மாதம் தேய்த்தது, ஓரத்துக்குப் போகப்போக வளைவு மாறும் ஒரு பொல்லாத லென்ஸ். அதற்குள் நுழையும் லேசர் கற்றையும் லேசுப்பட்டதல்ல. சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, ஒளி அதிரும் திசை நடுவிலிருந்து சுற்றிலும் விரியும்படி அதை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். ஒரே புள்ளியாகக் குவிந்தால் கண்ணாடியில் மயிரிழையைவிட மெல்லிய துளை போடலாம்.

குவியவில்லை. திரையில் புள்ளி இரண்டாகப் பிளந்து நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இனி லென்ஸை வெளியில் வாங்கிக்கொள்ளலாம், தேய்க்கும் மேசையை எடுத்துவிடலாம் என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். தணிந்த குரலில்தான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு அதிகமாக வலித்தது. மூன்று முறை கழற்றி வளைவை அளந்தாள். பிசகே இல்லை. திரும்பப் பொருத்தும்போது லென்ஸ் ஆடிவிடக்கூடாதே என்று ஒவ்வொரு முறையும் திருகாணிகளை முன்னைவிட அழுத்தி முடுக்கினாள். பிளவு கூடியதுதான் மிச்சம்.

வெள்ளி மதியம் கணவர் போன் செய்தார்.

"நீ இறுக்குன இறுக்குல டப்பா வாயே கோணிப்போச்சு."

வேறு நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

"கோணிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

லென்ஸைப் பிடித்திருந்த வளையத்தில் மூன்று திருகாணிகள். கண்ணாடியை நெருக்கினால் உள்ளே போகும் ஒளியின் அதிர்வுத் திசை மாறிவிடும், புள்ளி ஒன்றாகக் குவியாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம். தன் கையை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்தினாள். திரையில் இரண்டு புள்ளிகளும் நெருங்கின, தொட்டுக்கொண்டன, மணி போல ஒன்றாகித் திரண்டன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டிப் பார்த்த தலைவர், அடுத்த லென்ஸை எப்போது தொடங்குகிறீர்கள் என்று கேட்டார்.

மாலை வீட்டில் தேநீர் கலந்தவள், புது டப்பாவை வழக்கம்போல மூடி முறுக்கினாள். சமையலறை வாசலில் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மூடியைக் கால் சுற்றுப் பின்னால் திருப்பி, டப்பாவை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.