வலைக்குத் தப்பிய சாப்பாடு

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்பு, திருவனந்தபுரத்தில் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த விழிஞ்ஞத்துக் கடல்நீரில் சிப்பிக் குஞ்சுகளுக்கு எவ்வளவு இரை இருக்கிறது என்று அளப்பது எனக்குக் கிடைத்த வேலை. குஞ்சு என்றால் வெறும் கண்ணுக்குத் தூசிதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குட்டி ஓட்டோடு சுற்றிச் சுற்றி நீந்தும்.

எல்லோரும் செய்கிற முறைதான். கடல்நீரை வாளி வாளியாக நுண்ணிய பட்டு வலையில் ஊற்றி, வலையில் தங்குவதை எண்ண வேண்டும். வாரக்கணக்கில் எண்ணினேன். தங்கியது சொற்பம். புரொபசர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடல்ல சாப்பாடே இல்லை, ஓய். பட்டினி கிடக்கற குஞ்சை வச்சுண்டு என்ன பண்ணுவீர்? திங்கட்கிழமையிலேர்ந்து தவளைக்கு வந்துடும்."

தவளையை எல்லோரும்தான் அறுக்கிறார்கள். சிப்பிக் குஞ்சு அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் கிடைத்தது. விட மனசு வரவில்லை. அதோடு ஒன்று உறுத்தியது. ஜாடியிலிருந்த குஞ்சுகளுக்குக் கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே வயிறு பழுப்பாக நிறைந்திருந்தது. பட்டினி கிடப்பவன் வயிறு அப்படியா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தங்கியிருந்த அண்ணா வீட்டில், மன்னி அடுக்களையில் துணியில் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தாள். துணியில் நின்ற சக்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காப்பி கீழே பாத்திரத்திலன்னா இருக்கு? சக்கையையா குடிக்கப் போறே?"

டம்ளரைத் தொடாமலே ஓடினேன். குஞ்சின் வாயோ ஊசிமுனையை விடச் சின்னது. வலையில் தங்குகிற அளவுக்குப் பெரியது எதுவும் அதற்குள் நுழையாதே! நான் இத்தனை நாளும் சக்கையை எண்ணிவிட்டு, காப்பியை ஜன்னல் வழியே கொட்டியிருக்கிறேன்.

லாபரட்டரிச் சாவி ஒரு மலையாள நண்பனிடம் இருந்தது. "சாமி, வலையில கிட்டாததை வலைக்குக் கீழேயா தேடுறது?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே கூட வந்தான். மிச்சமிருந்த கடல்நீரை வலையில் ஊற்றி, கீழே வடிந்த நீரைக் குழாய்களில் நிரப்பி, வண்டலை அடியில் இறக்கும் கைமெஷினில் மாட்டி, இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். அடியில் பழுப்பாக ஒரு படிவு. ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். சொட்டு முழுக்கப் பொடிப்பொடி உயிர்கள், துள்ளி ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் புரொபசர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"எங்கேர்ந்து எடுத்தீர்?"

"வலைக்குக் கீழேர்ந்து, சார்."

அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார். பாதியில், கண்ணை எடுக்காமல், "தவளை இருக்கட்டும். அது எங்கேயும் போயிடாது" என்றார். பின்னாலிருந்து நண்பன் என் முதுகில் ஒரு குத்து விட்டான்.

வீட்டுக்கு வந்து மன்னியிடம் இரண்டு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இன்றைக்கும் யாராவது "அங்கே ஒன்றும் இல்லை" என்று அடித்துச் சொன்னால், எதில் வடிகட்டிப் பார்த்தீர்கள் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.