தவறின பிள்ளை

பாண்டிருப்பைக் கடந்து நடந்துகொண்டிருந்தோம். உம்மா முன்னால், நான் பின்னால். கல்முனைத் தேவாலயத்தை விட்டு வெளியேறியதிலிருந்து அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காலில் முள் ஏறிவிட்டதென்றேன். நடக்க நடக்க வெளியே வரும் என்றார். வரவில்லை. எங்கள் ஊரான மருதமுனை வரை அதோடுதான் நடந்தேன்.

அதற்கு முந்திய மாரியில் வெள்ளம் வந்தபோது, வயலில் கட்டியிருந்த எருமைக்கன்றை அவிழ்த்துவரப் போன காக்கா, என் அண்ணன், திரும்பவில்லை. கன்று திரும்பியது. ஊரார் பல நாள் தேடியும் உடல், மையித்து, கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் வாப்பா இறந்தவருக்கான கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். உம்மா தொடவில்லை. வரப்போகிறவனுக்கு எதற்குக் கத்தம் என்று கேட்டுவிட்டு உலையில் தனக்கு வேறு அரிசி போட்டார்.

எங்கள் தறியில் சேலை நெய்விக்க வருகிற ஒரு டீச்சர் கல்முனையில் இருந்தார். கிறிஸ்தவர். அவருடைய மகளும் அதே வெள்ளத்தில்தான் போனாள். அவர் மகளை அடக்கம் செய்திருந்தார். மார்கழியில் ஒருநாள் வந்து, “வெள்ளத்தில தவறின பிள்ளையளுக்காகக் கோயில்ல நத்தார் மரம் வைக்கிறம். எல்லாச் சமயத்துப் பிள்ளையளுக்கும்தான். உங்கட மகன்ட பேரையும் கட்டட்டா?” என்று கேட்டார்.

செத்த என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர்கள் பக்கத்தில் இறந்தவரைத் தவறினவர் என்பார்கள். எங்கள் வீடுகளில் இறந்தவர் மௌத்தானவர். தவறினது என்றால் மேய்ச்சலில் தவறின ஆடு, சந்தையில் தவறின குடை, தேடினால் கிடைக்கும். உம்மா உடனே ஓம், கட்டுங்க என்றார். பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மார் கேட்டால் என்ன பதில் சொல்வதென்று வாப்பா முணுமுணுத்தார். அவர்கள் தேடித் தருவதானால் பள்ளிவாசலிலேயே கட்டுகிறேன் என்றார் உம்மா.

தேவாலய வளவில் கிறிஸ்மஸ் மரமாக ஒரு சவுக்கு மரத்தை வெட்டி நட்டிருந்தார்கள். கிளைகளெங்கும் தகட்டுத்தாள் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். டீச்சர் காக்காவின் நட்சத்திரத்தைத் தன் மகளின் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கட்டினார். உம்மா அதை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பெரியவர் ஜெபம் செய்தார். இந்தப் பிள்ளைகளின் ஆத்துமா இளைப்பாறட்டும் என்றார். ஆத்துமா என்றால் என்னவென்று உம்மா என்னைக் கேட்டார். மூன்றாம் வகுப்புப் படித்தவன் நான், ரூஹு என்றேன்.

உம்மா நேரே டீச்சரிடம் போனார்.

“இதுல இருக்கிற புள்ளையெல்லாம் மௌத்தா?”

டீச்சர் தலை குனிந்துகொண்டார். “ஓம் தங்கச்சி. தவறின பிள்ளையள்தானே.”

“எண்ட புள்ள மௌத்தாகல்ல. தவறிட்டான்.”

“அதத்தானே நானும் சொல்றன்.”

“நீங்க அதச் சொல்லல்ல.”

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் ஆளுக்கொரு பக்கமாய்ப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் உம்மா உட்காரும் வாங்கு ஒன்றை மரத்தடிக்கு இழுத்து, ஏறி, காக்காவின் நட்சத்திரத்தின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். இவளுக்குப் பைத்தியம் என்று யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரித்தவரைப் பார்க்கவில்லை. ஆடாமலிருக்க வாங்கைப் பிடித்துக்கொண்டார். உம்மா இறங்கியதும், இனி இதை என்ன செய்வதென்று கேட்டார்.

“வாசல் கம்பியில கட்டுங்க. ரோட்டால வாறவன் கண்டுக்குவான். அவனுக்கு வாசிக்கத் தெரியும்.”

டீச்சரே அதை வெளிவாசலில், பெயர் தெருவைப் பார்க்கும்படி கட்டினார். அவ்வளவுதான். நாங்கள் நடக்கத் தொடங்கினோம்.

மறுநாள் காலை உம்மா என்னை மாமாவின் மாட்டு வண்டியில் ஏற்றினார். உம்மாவின் தம்பியான அவர் வரிப்பத்தான்சேனைப் பக்கமெல்லாம் இடுப்பில் உடுக்கும் சாறன் விற்கப் போகிறவர். பள்ளிக்கூடம் இனி வேண்டாம் என்றதும் எனக்குப் பெருநாள் வந்தது போலிருந்தது. சாறன் விரிப்பதும் மடிப்பதும் மாமா தந்த வேலை. உம்மா தந்தது வேறு.

“ஊருக்கு ஊர் காக்காவக் கேளு. வெக்கப்படாத.”

கேட்கிறேன் என்றேன். பிறகு அவர் வண்டியின் முன்பக்கம் போய் மாமாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குக் கேட்டது.

“தம்பி, ஆத்தக் கடக்கக்குள்ள இவன்ட கையப் புடிச்சிக்க. என்ன நடந்தாலும் இவனத் தண்ணியில மட்டும் இறக்கிராத.”

மாமா அவரை நிமிர்ந்து பார்க்காமல் தலையாட்டினார். தண்ணீரில் இறங்காமல் மாட்டை எப்படிக் கழுவுவது என்று எனக்குக் கோபம் வந்தது. காக்காவைத் தேட அனுப்புகிறவர் எதற்காக ஆற்றைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் விளங்கவில்லை.