மூன்றாவது கிளாஸில் வந்த மணம்

எனக்கு மணம் தெரியாமல் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துக் கிடந்தேன். ஆறாம் நாள் எழும்பிக் கோப்பி குடித்தேன். வெறும் சுடுதண்ணீர் போலிருந்தது. காலப்போக்கில் திரும்பலாம், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். பொறுத்திருந்தேன். வீட்டில் மனைவி, "கறி எப்பிடி இருக்கு?" என்று கேட்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

வேலையிடத்தில் இதை நான் சொல்லவில்லை. பலேர்மோவின் கால்சாப் பகுதியில், கடலுக்கு ஒரு தெரு உள்ளே ஒரு சின்ன உணவகம். அங்கே சமையல்காரருக்கு உதவியாள் நான். காலையில் வருகிற மீனை மணந்து பார்த்து நல்லதா பழுதா என்று சொல்வதும் என் வேலைதான். செவுளின் சிவப்பையும் கண்ணின் பளபளப்பையும் பார்த்து, விரலால் அமத்திப் பார்த்துச் சமாளித்து வந்தேன். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் அந்த மீனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். "உனக்கு இப்போது கண்டிப்பு கூடிவிட்டது" என்று சமையல்காரர் மெச்சுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை, உணவகம் பூட்டியிருக்கிற நாள், மத்தியானம் அவர் என்னை வரச்சொன்னார். பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றில் பியர் காய்ச்சுகிற பெண் ஒருத்தி, காலைப் படகில் இரண்டு பெட்டியுடன் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த கைகள். ஒரு பழைய படகுக் கொட்டிலில் தனியாளாகக் காய்ச்சுகிறாளாம். பார்லிகூடப் படகில்தான் போய்ச் சேர வேண்டுமாம். அவள் காய்ச்சுகிற 'ஏல்' என்கிற பியரில் நான்கு வகையைக் குடித்துப் பார்த்து, இரண்டைத் தெரிவு செய்ய வேண்டும். மேசையில் சமையல்காரர், பரிமாறுகிற பெண், நான்.

"இது நன்றாகக் குளிர வைத்துக் குடிக்கிற பியர் இல்லை. ஏல் கொஞ்சம் சூடேறினால்தான் பேசும்" என்று சொல்லி முதல் போத்தலை ஊற்றினாள். "ஒவ்வொருவரும் என்ன மணக்கிறது என்று சொல்ல வேண்டும்."

பரிமாறுகிற பெண் வைக்கோல் என்றாள். சமையல்காரர் தேன் என்றார். நான், "நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கு என்பது மணம் இல்லையே" என்று அவள் சிரித்தாள்.

இரண்டாவது கிளாஸ் செம்பு நிறம். வறுத்த பாதாம், காய்ந்த அத்திப்பழம் என்று அவர்கள் அடுக்கினார்கள். என் நாக்கில் ஒரு கசப்பு மட்டும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்திப்பழம் என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாளாகக் காய்ச்சி, கடல் கடந்து தூக்கிக்கொண்டு வந்தவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு ஒரு வருசமா மணமே தெரியாது" என்று இத்தாலிய மொழியில் சொன்னேன்.

சமையல்காரர் கிளாஸை வைத்தார். "அப்படியென்றால் என்னுடைய மீனை யார் மணந்தது?"

"மணக்கவில்லை. பார்த்தேன்."

"ஒரு வருசமாகவா? ஒருத்தருக்கும் வயிற்றுவலி வரவில்லையே!" என்று மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். அவர் என் தோளைப் பிடித்து ஒருதரம் உலுக்கினார்.

தீவுக்காரி மூன்றாவது போத்தலைத் திறந்தாள். எனக்கு மட்டும் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திச் சூடாக்கச் சொன்னாள். "ஒரு வாய் குடித்து விழுங்குங்கள். வாயை மூடி, மூக்கால் மூச்சை விடுங்கள்."

அப்படியே செய்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு வாய். மூச்சை விடும்போது, தொண்டைக்கு மேலே எங்கேயோ, மெல்லிய ஒரு கீறல். சின்ன ஆரஞ்சுத் தோடம்பழத்தின் தோலைக் கிள்ளும்போது கண்ணில் ஒன்று தெறிக்குமே, அது. நான் இந்த நகரத்துக்கு வந்து முதல் இரண்டு மாரிக்காலமும் நகர விளிம்பில் சியாகுல்லித் தோட்டங்களில் அந்தப் பழம் பிடுங்கியவன். குளித்தாலும் கையைவிட்டுப் போகாத மணம் அது.

"மந்தரீனோ" என்று அந்தப் பழத்தின் இத்தாலியப் பெயரைச் சொன்னேன். "பிந்திப் பழுக்கிறது. சியாகுல்லிப் பழம்."

அவள் எழும்பியே விட்டாள். "தோல் மட்டும்தான் போட்டேன்! ஒரு துளி சாறுகூட இல்லை!"

சமையல்காரர் எலுமிச்சை என்று சொல்லியிருந்தார். பரிமாறுகிற பெண் ஏதோ பூ என்றிருந்தாள். மூக்கில்லாதவன் வென்றுவிட்டான் என்று மூவரும் ஆரவாரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே போய் மனைவிக்கு ஃபோன் எடுத்தேன்.

"இஞ்சேரும், எனக்கு மணக்குது!"

"என்ன மணக்குது?"

"பியர்!"

"பட்டப்பகலிலை குடிச்சுப்போட்டுக் கதைக்கிறியளோ?"

"ஓம், குடிச்சனான்தான். ஆனால் மெய்யா மணக்குது. வாறன், வந்து சொல்லுறன்."

நான்காவது வகையான கறுப்பு ஏலில் மிஞ்சியிருந்த ஒரு போத்தலுடன் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு போனேன். மீன் தட்டுகள் மணக்கவில்லை. ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் ஒருவர் கோப்பிக் கொட்டை அரைத்தார். அது பட்டும் படாமலும் வந்தது. அங்கேயே நின்றேன்.

வீட்டில் மனைவி நம்பவில்லை. மகள் என் கண்ணைச் சால்வையால் கட்டினாள். மனைவி சரக்கு டப்பாக்களை ஒவ்வொன்றாய் மூக்கடியில் பிடித்தாள். முதல் டப்பா பெருஞ்சீரகம், சொல்லிவிட்டேன். இரண்டாவதில் ஒன்றும் தெரியவில்லை. "பப்பா, ஏலக்காய்! மா தாய்!" என்று, 'அட போங்கோ' என்பதை இத்தாலிய மொழியில் கலந்து மகள் கத்தினாள். மூன்றாவதுக்கு மனைவி டப்பா எடுக்கவில்லை. சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

"செத்தல் மிளகாய்" என்றேன். "வறுக்கிறீர்."

கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். மிளகாய் கருகுவதைக்கூடக் கவனிக்காமல், அகப்பையும் கையுமாய் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூவரும் இருமி இருமிச் சிரித்தோம்.

சாப்பிடும்போது கறுப்பு ஏலைத் திறந்தேன். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனைவி, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். "இண்டைக்கு மட்டும்." ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், இன்னொரு வாய் குடித்தாள்.

"பார்லியை வறுத்த ஆள் ரெண்டு நிமிசம் முந்தி இறக்கியிருக்கலாம். அடியிலை ஒரு காந்தல் கிடக்கு."

அதை அப்படியே தீவுக்காரிக்கு எழுதி அனுப்பினேன். உடனே அவள் குரல் செய்தி வந்தது: உண்மைதான், அந்தத் தடவை இறக்கப் பிந்திவிட்டது, உங்கள் மனைவியை அடுத்த திங்கட்கிழமை கட்டாயம் கூட்டி வாருங்கள்.

அந்தத் திங்கட்கிழமை மனைவி பச்சைச் சேலை கட்டி, உணவக மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு ஏலையும் குடித்துப் பார்த்து அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் இத்தாலிய மொழியில் சொன்னேன். தீவுக்காரி ஒன்றும் விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டாள். சமையல்காரர் பக்கத்தில் நின்று ஊற்றிக் கொடுத்தார்.