சமையற்கட்டுத் தலைவர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கரும்பு வெட்டப் போய், பந்தல் போட்டு, நாற்காலி வாடகைக்கு விட்டு, கடைசியில் கச்சிராயபாளையத்தில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் கட்டியவன். கோமுகி அணைக்கு இந்தப் பக்கம் என் மண்டபத்தைப் போல இன்னொன்று கிடையாது. இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கீழே எங்களுக்குப் போன் சிக்னல் போய்விடும். அதனால் மண்டபத்துக்குள் இன்டர்நெட் ஒயர் இழுத்தேன். லைன் வந்து சேரும் ஆபீஸ் அறையில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி ஒன்று, சமையற்கட்டில் ஒன்று, மேடை ஓரத்தில் ஒன்று. ஆபீஸிலிருந்து சமையற்கட்டு, அங்கிருந்து மேடை என்று ஒயர் போயிற்று. நடுவில் எங்காவது அறுந்தால் என்ன செய்வது? இந்த யோசனை எந்த இன்ஜினியருக்கும் வரவில்லை, எனக்கு வந்தது. மேடையிலிருந்து நேராக ஆபீஸுக்கும் ஓர் ஒயரை என் கையாலேயே மாட்டினேன். மாட்டியதும் பெட்டிகளில் இருந்த எல்லா விளக்கும் வெறி பிடித்தது போல மின்னின. நெட் செத்துப்போனது.

நெட்வொர்க் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சின்னசேலத்திலிருந்து வந்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"இன்னாங்க, வட்டமா மாட்டி வச்சிருக்கீங்க? உள்ள பூந்த தகவல் வெளிய வர வழியில்லாம சுத்திக்கினே கெடக்கும். ஒண்ணு பத்தாவும், பத்து நூறாவும்."

"அப்ப என் ஒயர அறுத்துடலாங்கிறியா?"

"வேணாங்க. தங்களுக்குள்ள பேசி ஒரு வழிய அடைச்சு வைக்கத் தெரிஞ்ச பெட்டிங்க இருக்குது. அத மாட்டிக்கலாம்."

அப்படிப்பட்ட புதுப் பெட்டிகள் இரண்டை அவள் கொண்டுவந்தாள். சமையற்கட்டுக்கு, அதே வித்தை தெரிந்த பழைய பெட்டி ஒன்றை நானே தேடிப் பிடித்தேன். அவள் சொன்ன கணக்கு இதுதான். பெட்டிகள் முதலில் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், கம்பெனியில் பதித்து அனுப்பிய எண் யாருக்குச் சின்னதோ அவர் தலைவர். பழைய பெட்டிக்குப் பெரும்பாலும் சின்ன எண்தான். மற்றவர்கள் தலைவரிடம் போக எந்த வழி சுருக்கமோ அதை வைத்துக்கொண்டு, வட்டம் போடுகிற மிச்ச வழியை அடைத்துவிடுவார்கள்.

எங்கள் தலைவர் சமையற்கட்டில் உட்கார்ந்தார். அடைபட்டது நான் போட்ட நேர் ஒயர். மேடைப் பெட்டியில் அதன் விளக்கு மட்டும் ஆரஞ்சாக நின்றது.

"அது இன்னாம்மா, என் ஒயரு மட்டும் தூங்குது?"

"தூங்கலீங்க, காத்துக்கினு இருக்குது. மத்த வழி போனா அரை நிமிஷத்துல அது தொறந்துக்கும். நீங்க சரின்னா ஆபீஸ் பெட்டிய தலைவராக்கிடறேன். மேடைக்கு நேர் வழியே ஓடும்."

"மூத்தவன் இருக்கும்போது நேத்து வந்தவன் தலைவனா? எங்க ஊரு பஞ்சாயத்துல நடக்குமா அது?"

"இது பஞ்சாயத்து இல்லீங்க, சமையக்கட்டு. எவனாச்சும் பிளக்கப் புடுங்கிடுவான்."

"என் மண்டபத்துல எவன் புடுங்குவான்?"

மலையிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் வளர்த்தவன், சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. 'அவன் பாக்காம எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறக்கூடாது' என்று தாய் பிடிவாதம். "ஏறாது தாயி, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். மேடைப் பக்கத்தில் பெரிய டிவியும் கேமராவும் வைத்து அவன் முகத்தைக் கொண்டுவந்தோம். கையில் அட்சதை அரிசியோடு உட்கார்ந்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த நெட்வொர்க் பெண்ணையும் வரவழைத்திருந்தேன். வெளியே மழை கொட்டியது.

தாலித் தட்டு சபையைச் சுற்றி, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு, மேடைக்குத் திரும்பியது. ஐயர் தாலியை எடுக்கக் கை நீட்டினார். டிவியில் அண்ணன் வாயைத் திறந்தபடி உறைந்துபோனான்.

நெட்வொர்க் பெண் சமையற்கட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, பிளக்கப் புடுங்கினது யாரு?"

"தேங்கா அரைக்க வேணாமா? பந்திக்கு நீ வந்து அம்மியில அரைப்பியா?" என்றார் சமையல்காரர்.

தாய் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை தாலிக்குக் கை நீட்டினார். அரை நிமிஷம் கிடைத்தால் போதும். நான் மேடையேறித் தட்டைத் தூக்கினேன்.

"பின்வரிசையில பெரியவங்க தொடவே இல்ல சாமி!"

"எல்லாரும் தொட்டாச்சுங்க! முகூர்த்தம் போவுது!" என்று கத்தினார் ஐயர்.

நான் காதில் வாங்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர், "ரெண்டு வாட்டி தொட்டா ரெண்டு மொய் எழுதணுமாய்யா?" என்றார். "சும்மா தொடுய்யா" என்று அவர் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். அடுத்தவரிடம் போய், அவர் கண்ணாடியைத் தேடி மாட்டும்வரை நின்றேன். தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு சமையல்காரரும் வந்து தொட்டார்.

"உங்க ஒயருக்குப் பச்ச வந்துருச்சுங்க!" என்று மேடை ஓரத்திலிருந்து நெட்வொர்க் பெண் கத்தினாள்.

தட்டோடு மேடைக்கு ஓடினேன். டிவியில் அண்ணன் அசைந்தான். நடந்தது எதுவும் தெரியாத அவன் கண்ணுக்கு, தாலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நான்தான் முதலில் பட்டேன்.

"எம்மா! யாரும்மா அந்தக் கெழவன்? தாலியத் தூக்கிக்கினு ஓடறான், புடிங்க!"

மண்டபமே சிரித்தது. தாய் சிரித்துக்கொண்டே அழுதாள். ஐயர் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. இங்கே எல்லோரும் பெண் மாப்பிள்ளை தலையில் அரிசி தூவினோம். அங்கே சிங்கப்பூரில் அவன், கண்ணைக்கூடத் துடைக்காமல், தன் போன் மேலேயே அரிசியைத் தூவிக்கொண்டிருந்தான்.