பள்ளிக்கூடம் திறக்க நான் போட்டுக்கொண்ட ஊசி

எழுபதுகளின் தொடக்கத்தில் பருத்தித்துறைக் கடற்கரையோரம் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. ஆசிரியர்கள் மொத்தம் நான்கு பேர்: பெரிய வாத்தியார், கணக்கு மாஸ்டர், தையலும் சமயமும் படிப்பித்த ஓர் அக்கா, நான். கோப்பாயிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் போய் வருவேன். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் கொலரா என்கிற வாந்திபேதி வந்தது. நாடு நாடாகச் சுற்றிய நோய் எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்ததும் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள்.

ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாளும் வீட்டோடு இருந்து கொதித்தாறிய தண்ணீர் குடித்தேன். பிறகு திறக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கிணற்றுக்கு மருந்து போட வேண்டும், பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது.

திறந்த அன்று வந்தவர்கள் மூன்றே மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் பெரிய வாத்தியாரின் சொந்தப் பிள்ளைகள். மூன்றாவது ஆள் பந்து எடுக்க மதிலேறிக் குதித்தவன். அவனைப் பிடித்து வகுப்பறைப் பலகை வாங்கில் இருத்திவிட்டோம்.

பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீர் இளம் ஆள். வீடு வீடாய்ப் போய்க் கதைச்சுப் பாரும்."

முதலில் போன வீட்டில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். தாய் முற்றத்தில் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நான்கு பேரும் காயப்போட்ட வலைக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டார்கள். வலைக்குள்ளால் எட்டுக் கண்களும் நன்றாகத் தெரிந்தன.

"பிள்ளையளை அனுப்புங்கோ. கிணத்துக்கு மருந்து போட்டாச்சு. ஊசியும் போடுவினம், ஒரு பயமும் இல்லை" என்றேன்.

"ஊசி போட்டால் காய்ச்சல் வருமாம், கை வீங்குமாம். உண்மையே ரீச்சர்?"

"சும்மா கதை. எறும்பு கடிச்ச மாதிரித்தான்."

"அப்ப நீங்கள் போட்டனீங்களோ?"

நான் போடவில்லை. கோப்பாய்க்கு ஊசி போட வந்த அன்று, அவர்களுடைய ஜீப் திரும்பிப் போகும்வரை எங்கள் வாழைத்தோட்டத்துக்குள் குந்தியிருந்தேன். இருபத்து மூன்று வயதுக்காரி செய்கிற வேலையா அது! ஆனாலும் அந்தத் தாயிடம் "ஓம், போட்டனான்" என்று சொல்லிவிட்டேன்.

"எங்கை, போட்ட இடத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

"அது... காயம் ஆறி மாறிப் போச்சுது."

வலைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. தாய் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பேணியில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடியுங்கோ ரீச்சர். கொதிக்க வைச்சு ஆறின தண்ணி."

எனக்கு என் அம்மாவின் கட்டளை நினைவுக்கு வந்தது. 'அந்தப் பக்கத்து வீடுகளிலை தண்ணி வாயிலை வைச்சிடாதை.' இதை அம்மா கொலரா வருவதற்கு முன்பே, நான் வேலைக்குப் புறப்பட்ட முதல் நாளே சொல்லியிருந்தார். அப்போது காரணம் வேறு, சாதி. இப்போது அதே சொல்லைச் சொல்ல நோய் நல்ல சாட்டாகக் கிடைத்திருந்தது. எதிரில் நின்றவர் அதையும் அறிந்தவர் போலவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முன் எத்தனை பேர் அந்த முற்றத்தில் நின்று "தாகமில்லை" என்று சொல்லியிருப்பார்களோ.

பேணியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். புகை மணம் அடித்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் முகம் இளகியது.

"சரி ரீச்சர். நான் ஒண்டு சொல்லுறன். நீங்கள் வாத்திமார் எல்லாரும் எங்கடை கண்ணுக்கு முன்னாலை ஊசி போடுங்கோ. அடுத்த நாளே பிள்ளையளை அனுப்புறம். மற்ற வீடுகளுக்கும் நானே சொல்லுறன்."

வியாழக்கிழமை ஏற்பாடாயிற்று. திருவிழாவுக்கு வருவதுபோல் தாய்மார் வந்து, பிள்ளைகளின் வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா சைக்கிளில் வந்து, மேசையில் சின்ன அடுப்பை மூட்டி ஊசிகளைக் கொதிக்க வைத்தார். தகரப் பெட்டிக்குள் அவை கிலுகிலுத்த சத்தத்திலேயே எனக்கு அரை உயிர் போய்விட்டது.

கணக்கு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தார். தொண்ணூற்றொன்றில் ஊசி இறங்கியது. அதற்கு மேல் அவருக்கு வாய்ப்பாடு ஓடவில்லை. தையல் அக்கா போட்டுக்கொண்டது ஒருவருக்கும் தெரியாது. ஊசி அவருக்குப் பழகின சாமான். என் முறை வந்தபோது கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தாய் வாங்கிலிருந்து எழுந்து வந்து என் மற்றக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"யன்னலாலை கடலைப் பாருங்கோ ரீச்சர். இஞ்சை பாக்காதேங்கோ."

கடலைத்தான் பார்த்தேன். ஆனாலும் "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் மதிலில் ஏறி இருந்த பிள்ளைகளில் ஒருவன் கீழே விழுந்தான்.

"பெரிய வாத்தியார் எங்கை?" என்று யாரோ கேட்டார்கள். தேடினோம். தேசப்படங்கள் வைக்கும் அறையில், இலங்கைப் படத்தை விரித்துவைத்து உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தாராம். அழைத்து வந்தோம். முழுக்கைச் சட்டையைச் சுருட்ட அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. ஊசி போடும்போது மூச்சுக்கூட விடவில்லை. போட்டு முடிந்த பிறகு கதிரையில் மெதுவாகச் சரிந்து, "கொஞ்சம் தண்ணி" என்றார். தாய்மாருக்கு வலு திருப்தி.

மறுநாள் விடிய எனக்குக் காய்ச்சல். கை ஈரப்பலாக்காய் போல வீங்கியிருந்தது. பிள்ளைகளை அனுப்புவதாக அந்தத் தாய் சொன்ன சொல்லை நம்பிப் பஸ் ஏறினேன். அன்று பார்த்துப் பஸ்ஸும் பிந்திவிட்டது. பத்து மணிக்குப் படலையைத் திறந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்கும் ஒருவரும் வரவில்லை என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நிறைய பிள்ளைகள்! யன்னல் கட்டில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. சாராயப் போத்தல், மருந்துப் போத்தல், மைப் போத்தல்கூட ஒன்று. கணக்கு மாஸ்டரும் பெரிய வாத்தியாரும் வரவில்லை. தையல் அக்கா மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். கரும்பலகைக்கு முன்னால், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றவர் அந்தத் தாய்.

"கச்சான் காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்கும்?"

அத்தனை கைகளும் மேற்கே நீண்டன.

"வாடை அடிச்சால் வள்ளத்தை எங்கை இழுத்து வைக்க வேணும்?"

ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பலகையில் நான்கு காற்றுகளின் பெயர்களும் கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்தன. என்னைக் கண்டதும் அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"எனக்கு எழுத வராது ரீச்சர். அதாலை மூத்தவளை எழுதச் சொன்னனான். பிழையெண்டால் அழியுங்கோ."

ஒரு பிழையும் இல்லை. அவர் என் கையைப் பார்த்தார்.

"எறும்பு கடிச்ச மாதிரி எண்டனீங்கள்?"

"எறும்பு கொஞ்சம் பெரிசு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "போய்ப் படுங்கோ. மத்தியானம் வரைக்கும் நான் பாக்கிறன்."

திங்களும் செவ்வாயும் தாய்மார் முறை வைத்து வந்து எங்களுக்குக் கை கொடுத்தார்கள். பெரிய வாத்தியார் புதன்கிழமை சால்வையில் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததை அவர் அதுவரை கண்டதில்லை. அது அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம் போலவும் பட்டது.

அடுத்த கிழமை பிள்ளைகளுக்கு ஊசி. அந்தத் தாய் நான்கு பேரையும் கூட்டிவந்து, முதலில் தன் கையை நீட்டினார். மூன்று பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். நான்காவது, முதலாம் வகுப்புக்காரன், யன்னலால் பாய்ந்து நேரே கடலுக்குள் ஓடி, கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.

"அங்கை நில்லடா, வாறன்!" என்று தாய் சேலையோடு இறங்கினார். அப்போதிக்கரி ஐயா கரையில் ஒரு கணம் யோசித்தார். பிறகு சப்பாத்துகளைக் கூடக் கழற்றாமல், ஊசியை உயரப் பிடித்தபடி பின்னாலேயே போனார். தாய் தண்ணீருக்கு மேலே மகனைத் தூக்கிப் பிடிக்க, ஐயா அங்கேயே ஊசியைப் போட்டு முடித்தார். கரையில் வரிசையாய் நின்ற பள்ளிக்கூடம் முழுவதும் கைதட்டியது.

அந்தக் கொலராவில் எங்கள் வரவு இடாப்பில் இருந்த ஒரு பெயரையும் வெட்ட வேண்டி வரவில்லை. எல்லா இடங்களிலும் அப்படி இருக்கவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அன்று பின்னேரம், ஒவ்வொரு பெயருக்கும் நேரே சிவப்பு மையால் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்போதிக்கரி ஐயா சைக்கிள் மிதித்துப் போவதை யன்னலால் கண்டேன். ஒவ்வொரு மிதிக்கும் சப்பாத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனால் மனுஷன் பாடிக்கொண்டு போனார்.