பின்வரிசைச் சுவர் பற்றி ஐந்து வரிகள்

ஐந்தாம் வகுப்பு மொழி டீச்சருக்கு ஊரார் வைத்த பெயர் 'சிவப்புப் பேனா'. நேரில் சொன்னவர் யாருமில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் யாருமில்லை. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட வாழ்த்துவதற்கு முன் அதில் இரண்டு பிழை கண்டுபிடித்துத் திருத்திக் கொடுப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அது அவதூறு. மூன்று பிழை.

இருபத்தாறு ஆண்டுகளாக அவருடைய வகுப்பு கடிகாரம் போல ஓடியது. மணி அடித்ததும் பத்து நிமிடம் வாய் திறக்காத வாசிப்பு. பிறகு சொல்லெழுதுதல், பத்துச் சொற்கள். பிறகு ஆளுக்கொரு பத்தியாக எழுந்து நின்று சத்தமாகப் படிப்பது. ஒருவன் மூச்சு விடும் இடத்தில் அடுத்தவன் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கால்மணி நேரம் 'ஐந்து வரி நோட்டு'. நேற்றிலிருந்து இன்றைக்குள் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றி ஐந்தே வரி. கேள்விப்பட்டது கூடாது, கனவு கூடாது, ஆறாவது வரி கூடவே கூடாது.

வகுப்பின் ஒரே சட்டம்: "வாயால சொல்லாதே, எழுதிக் காட்டு." பென்சில் தொலைந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவன் கிள்ளினாலும் சரி, எழுத்து மூலம்தான் மனு. ஒருமுறை ஒரு பையன் தனக்கு வாந்தி வருவதை முழு வாக்கியமாக எழுதி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது. டீச்சர் முதலில் துடைக்கச் சொன்னாரா, முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வளவு பெரிய எழுத்துச் சாம்ராஜ்யத்தில் ஒரு சின்ன ரகசியம் இருந்தது. டீச்சர் அந்த நோட்டுகளைப் படிப்பதில்லை.

நாற்பத்தொரு நோட்டுக்குப் பத்தொன்பது நிமிடம். மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஓரக்கோடு இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எண்ணினால் ஐந்து வரி வருகிறதா? ஒரு டிக், ஒரு 'நன்று', ஒரு கையெழுத்து. மனம் வந்தால் 'மிக நன்று'. நாலு நோட்டுக்கு ஒருமுறை, அக்கறை தெரியட்டும் என்று, 'மேலும் விவரமாக எழுதுக'. யார் தலையில் அது விழும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்ட ஒரு மதியம், இருபத்தெட்டாவது நோட்டில் பேனா மை தீர்ந்தது. வகுப்புத் தலைவி புது ரீஃபில் வாங்க ஆபீசுக்கு ஓடினாள். டீச்சருக்கு ஏழு நிமிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கண் முன்னால் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் படித்தார்.

அது 'எறும்பின்' நோட்டு. கையெழுத்து எறும்பு ஊர்வது போலப் பொடியாக இருக்கும் என்பதால் வந்த பெயர். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காரும் பெண். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பாள்.

"சுவரில் உள்ள கோடு இன்று என் தோளைத் தாண்டிவிட்டது. காலையில் அகலம் மூன்று சென்டிமீட்டர். உள்ளே அடிக்குச்சி முழுவதும் போகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் மண் விழுகிறது. இப்போது சாய்வதில்லை."

டீச்சர் பக்கத்தைப் பின்னால் புரட்டினார். அதற்கு முந்தைய நாளும் சுவர். அதற்கு முந்தைய நாளும் சுவர். இருபத்து மூன்று நாள் சுவர். முதல் நாள் "ஒரு தலைமுடி அளவு கோடு" என்று தொடங்கியிருந்தாள். கீழே 'நன்று'. பத்தாம் நாள் "பென்சில் முனை போகிறது". கீழே 'மேலும் விவரமாக எழுதுக'. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, பதினொன்றாம் நாளிலிருந்து அடிக்குச்சி வைத்து அளந்து எழுதியிருந்தாள். அதற்கு 'மிக நன்று'.

எல்லாவற்றின் கீழும் அவருடைய கையெழுத்து. அழகான கையெழுத்து.

டீச்சர் எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். பிள்ளைகள் ஒட்டிய படங்களுக்கும் கால அட்டவணைக்கும் இடையில் அந்தக் கோடு வெடிப்பாக இறங்கி வந்திருந்தது. சுட்டுவிரலை விட்டார். விரல் சுலபமாகப் போயிற்று. உள்ளே ஈரம், சில்லென்று. எடுக்கும்போது சுவருக்குள் ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்து கீழே இறங்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் இறங்கியது.

இடைவேளை முடிந்து எறும்பு வந்ததும் கேட்டார்: "ஏம்மா, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் பென்சிலைத் தேடினாள்.

"பரவாயில்ல, வாயாலயே சொல்லு."

"எழுதிக் காட்டினேனே டீச்சர். தினமும் கையெழுத்துப் போட்டீங்களே."

தலைமையாசிரியர் நல்ல மனிதர். கெட்ட செய்தியை மட்டும் கேட்கமாட்டார். "கட்டடத்துக்குச் சர்டிபிகேட் இருக்கு டீச்சர். போன பருவத்துலதான் இஞ்சினியர் வந்தார்."

"பார்த்தாரா சார்?"

"வந்தார்" என்றார் தலைமையாசிரியர் மறுபடியும். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினார். டீச்சரைப் போல வரிகளைப் பார்க்கவில்லை. கீழே இருந்த சிவப்பை மட்டும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "இருபத்து மூணு நாளா நன்று, மிக நன்றுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. இது மேல போச்சுன்னா, விழுறது சுவரா இருக்காது. ரிட்டயர் ஆக எத்தனை மாசம்?"

"பதினெட்டு."

"நோட்டுன்னா தொலையாம இருக்குமா? புள்ளைங்க நோட்டுதானே." நோட்டை மூடி, மிக மரியாதையாக, இரண்டு கையாலும் நீட்டினார்.

மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும் அதே கட்சி. "இருபத்தாறு வருஷம் வண்டிய ஒழுங்கா ஓட்டிட்டே. இன்னும் பதினெட்டு மாசம். அந்தச் சுவருக்கு அதுவரைக்கும் பொறுமையா நிக்கத் தெரியாதா?"

"நீங்க வேணா வந்து சொல்லிப் பாருங்க. நான் சொன்னா கேக்கல."

மறுநாள் பின்னிரண்டு வரிசையையும் காலி செய்து, நாற்பத்தொரு பேரையும் முன்னால் மூட்டை போல அடுக்கினார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். வீட்டுப்பாடம். "எல்லாரும் பின்சுவரைப் பத்தி அஞ்சு வரி எழுதணும். அப்பா இல்லன்னா அம்மா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்." நாற்பத்தொரு வீட்டு மனிதர்கள் நாளைக் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள், தலைமையாசிரியர் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்பது திட்டம்.

காலையில் வாசலில் ஒரு நாய் நின்றது.

நோட்டுகள் மட்டும் வந்துவிட்டன. டீச்சர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒவ்வொன்றாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார். "இந்தச் சுவர் எங்கள் மேல் விழும், அன்று பள்ளி விடுமுறை" என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே அவன் அப்பாவின் கையெழுத்து, அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "சுவர் வழியாக வெளியே தெரிகிறது" என்பதற்குக் கீழே ஓர் அம்மா, 'இவன் வீட்டில் சொல் பேச்சு கேட்பதில்லை, நன்றாகக் கண்டிக்கவும்' என்று எழுதியிருந்தார். நாற்பது கையெழுத்து. அத்தனையும் பத்தொன்பது நிமிடக் கையெழுத்து. தொழில் தெரிந்தவர் என்பதால் டீச்சரால் கோபப்படவும் முடியவில்லை.

நாற்பத்தொன்றாவது நோட்டு மட்டும் தாமதமாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு எறும்பின் அம்மா வந்திருந்தாள். கட்டட வேலையில் சித்தாள். தலையில் சும்மாடு, தோளில் ஒரு துணிப்பை.

"படிச்சீங்களாம்மா?"

"நான் கைநாட்டுங்க. எழுத்துன்னா எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அதனால என்ன பேப்பரா இருந்தாலும் முழுசா வாசிச்சுக் காட்டினாத்தான் விரல வைப்பேன். ஒரு தடவ ஏமாந்தது போதும். நேத்து பாப்பாவை வாசிக்கச் சொன்னேன். நோட்டு பூரா வாசிச்சா." அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போட்டதையும் வாசிச்சா."

டீச்சர் நோட்டை வாங்கிக்கொண்டு வழி விட்டார்.

சித்தாள் கடைசி வரிசைக்குப் போனாள். துணிப்பையிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை எடுத்தாள். சுவரைத் தொடாமல், பெஞ்சை மெல்ல நகர்த்தி ஏறி நின்று, உச்சியில் நூலைப் பிடித்து இறக்கினாள். குண்டு ஆடி ஆடி நின்றது. மேலே சுவரோடு ஒட்டியிருந்த நூல், கீழே நாலு விரல் தள்ளி நின்றது.

"குனியுது டீச்சர். புள்ளைங்க என்ன எழுதுதுன்னு எட்டிப் பார்க்கிற மாதிரி. அந்தப் பக்கம் கை கழுவுற குழாய் ஒழுகி ஒழுகி அடி களியாப் போச்சு."

"எத்தனை நாள் தாங்கும்?"

"அதெல்லாம் நாள் குறிச்சு விழாதுங்க. சத்தம் போடாம வெளிய கூட்டிட்டுப் போங்க."

வகுப்பு வரிசையாக முற்றத்துக்குப் போயிற்று. தலைமையாசிரியர் வந்து பார்த்தார். டீச்சர் நினைத்தது போல அவர் சண்டை போடவில்லை. "காத்தோட்டமா இருக்கு, இங்கயே இருங்க" என்று சிரித்தார். "அந்த ரூம் சும்மா கிடக்க வேண்டாம். மூணாம் வகுப்பு அறுபது பேர் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கு. நாளைக்கு அங்க மாத்திடறேன்."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஓரக்கோடு போட்டார்.

தினமும் மூன்றரை மணிக்குத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். பியூன் தாள்களை, கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி அடுக்கிப் புரட்டுவான். அவர் போனில் பேசிக்கொண்டே போட்டுக்கொண்டு போவார். அன்று இரண்டு சுற்றறிக்கைகளுக்கு நடுவில் கூடுதலாக ஒரு தாள் இருந்தது. முத்து முத்தான எழுத்து, ஓரக்கோடு, தேதி. "மாணவர் பாதுகாப்பு கருதி, பின்சுவர் சாய்ந்துள்ள ஐந்தாம் வகுப்பு அறை இன்று முதல் பூட்டப்படுகிறது. எவரும் நுழையக் கூடாது. இது என் உத்தரவு." பேனா நிற்கவே இல்லை.

மறுநாள் காலை அறைக் கதவில் பூட்டும், பூட்டுக்கு மேலே உத்தரவும் தொங்கின. அறுபது பிள்ளைகளோடு வந்த தலைமையாசிரியர் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதை நான் எப்ப..."

"நேத்து மூன்றரைக்கு சார்."

படிக்காமல் போட்டேன் என்றால் மானம் போகும். படித்துப் போட்டேன் என்றால் பூட்டு இருக்கும். பின்னால் மூன்றாம் வகுப்பு டீச்சரும் பியூனும் நின்றார்கள். "ஆமா, நேத்துதான் யோசிச்சு முடிவு பண்ணினேன்" என்றார் தலைமையாசிரியர். அறுபது பேரும் திரும்பி நடந்தார்கள்.

அதற்கப்புறம் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் இளைத்துப்போனார். விழாத சுவரைப் போலப் பயங்கரமான பொருள் உலகத்தில் கிடையாது. விழுந்துவிட்டால் தேவலை என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடம் யாராவது குழாயடிக்குப் போயிருந்தால் என்று தோன்றும். பிள்ளைகளைத் தலையெண்ணிக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்க அனுப்பும்போது நாற்பத்தொன்று, திரும்பும்போது நாற்பத்தொன்று.

நான்காம் நாள் சொல்லெழுதுதலில் எட்டாவது சொல் சொல்லும்போது அது விழுந்தது. இடி போல இல்லை. கோணிமூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது போல, அவசரமில்லாமல். பூட்டிய கதவுக்குக் கீழே இருந்து தூசி வந்தது. டீச்சர் எண்ணினார். பிறகு மூன்றாம் வகுப்புக்கு ஓடிப்போய் அதையும் எண்ணினார். குழாயடியில் யாரும் இல்லை. கதவைத் திறந்தபோது எறும்பு உட்காரும் பெஞ்ச் இருந்த இடத்தில் செங்கல் ஆளுயரம் நின்றது.

முன்யோசனைக்காகத் தலைமையாசிரியருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. விசாரிக்க வந்த அதிகாரி கையில் எறும்பின் நோட்டும் சிக்கியிருந்ததால், அதே தபாலில் டீச்சருக்கு ஒரு மெமோ. மாணவி இருபத்து மூன்று நாள் எழுதியும் கவனிக்காதது ஏன், விளக்கம் தருக.

"கண் பார்வை சரியில்லன்னு எழுதுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர், இப்போது ரொம்ப நட்போடு. "டாக்டர் சீட்டு நான் வாங்கித் தரேன்."

டீச்சர் முற்றத்திலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதியதை அவரிடம் கொடுக்கவில்லை. எதிரே நின்று சத்தமாக வாசித்துக் காட்டினார். "எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நோட்டுகளை நான் படிக்கவில்லை. இருபத்து மூன்று நாளும் படிக்கவில்லை. படித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் உயிரோடு இருப்பதற்கு நான் காரணம் இல்லை."

தலைமையாசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது மேல போனா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாது சார். யாராவது படிச்சாத்தானே தெரியும்."

கவர் அன்று மாலையே போயிற்று. பதில் இன்னும் வரவில்லை. பதினொரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், டீச்சர் சொல்லெழுதுதலில் ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லிவிடுகிறார். பிள்ளைகளும் இரண்டு முறை எழுதிவிடுகிறார்கள்.