பிலோ அக்கா கன்னடத்தில் கேட்டது

காலை ஷிஃப்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது பிலோ அக்காவின் மகள் ஜெனியின் அழைப்பு வந்தது. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். பெங்களூர் பீன்யாவில் நம்ம கார்மென்ட்ஸ் கம்பெனியில் நம்மோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்த்த பிலோமினா அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். அவருக்கு நாம் வைத்த பெயரும் நினைவிருக்கும்: 'வாணாம் பிலோ'.

டீ வந்தால் வாணாம். ஃபேனுக்குக் கீழே இடம் வாணாம். காய்ச்சல் அடித்தாலும் லீவு வாணாம். "எனக்கு ஒண்ணும் வாணாம்மா, நீங்க எடுத்துக்குங்க." அடக்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டோம். கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன வருடம் நாம் நாலு பேர் ஒரு படத்துக்குப் போனோமே, அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்பா குளியலறையில் பூட்டிவைத்த ஒரு பையன், வளர்ந்த பிறகும் எந்தக் கதவையும் சாத்த முடியாமல் திண்டாடும் கதை. வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா பாதிப் படத்திலேயே வியர்த்துப் போனார். "வெளிய போலாமாக்கா?" என்று கேட்டேன். "வாணாம்" என்றார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி முழுப் படத்தையும் பார்த்தார். முடிவில் நாயகன் அந்தப் பழைய வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு வாய்விட்டு அழுகிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது. அரங்கமே கைதட்டியது, நானும்தான் தட்டினேன்.

திரும்பும்போது பேருந்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "வீட்ட இடிச்சிட்டா ஆச்சா மலரு? எங்க மாமா வீட்ட இடிச்சி எத்தினியோ வருசமாச்சி." ஜெனியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தாய் தகப்பன் இல்லாமல் ஈஜிபுராவில் மாமாவின் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர் அக்கா. எதையாவது கேட்டால் மாமா அடித்து, பாத்திரம் போடும் பரண்மேல் தூக்கி வைத்துவிடுவாராம். சின்னப் பிள்ளை குதிக்க முடியாத உயரம். 'எனக்கு ஒண்ணும் வாணாம்' என்று அழாமல் சொன்னால்தான் இறக்கிவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டியும் அக்கா அந்தப் பரணிலேயே இருந்தார். படம் எடுத்தவர்மேல் எனக்கு அப்போது கோபம் கோபமாக வந்தது.

ஆனால் சிவாஜிநகர் சந்தையில் அவரைப் பார்க்க வேண்டும். "அர்த கேஜி பேக்கு, ஒள்ளேது நோடி ஹாக்கு" என்று கடைக்காரரை அதட்டுவார். அரைக் கிலோ வேண்டும், நல்லதாகப் பார்த்துப் போடு என்று கன்னடத்தில் கட்டளை. 'வேணும்' வராத வாயில் 'பேக்கு' மட்டும் எப்படிக்கா வருது என்று கேட்டேன். "மாமா தமிழ்லதான அடிச்சாரு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கடைசி நாட்களில், புற்று எலும்புவரை பரவி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். நர்ஸ் நல்ல பெண். தமிழ்க்கார அம்மா என்று மெனக்கெட்டுத் தமிழிலேயே கேட்டாள்: "வலிக்கு ஊசி வேணுமாம்மா?"

"வாணாம்மா." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மாவுக்கு ஊசின்னாலே ஆவாது ஆன்ட்டி" என்றாள் ஜெனி. பெற்ற மகளும் அந்த வார்த்தையை அப்படியே நம்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. நர்ஸை ஓரமாக அழைத்து, கன்னடத்தில் கேளும்மா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்க் கேட்டாள்: "நோவிகே இஞ்சக்‌ஷன் பேக்காம்மா?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "பேக்கு" என்றார்.

ஊசி போட்ட பிறகு முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஜெனி சுவரோரம் நின்று அழுதாள். தினமும் கிளம்பும் நேரத்தில் "நான் இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டு, "வாணாம், புள்ளைங்க காத்திருக்கும், போ" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அவள். அன்றைக்குக் கட்டிலருகே குனிந்து, பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்தில் கேட்டாள்: "நானு இர்லா அம்மா?"

"இரு" என்றார்.

ஜெனி இருந்தாள், கடைசி மூச்சுவரை. 'இரு' என்பது கன்னடத்திலும் அதே சொல், தமிழிலும் அதே சொல். அக்கா அதை எந்த மொழியில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தமிழில்தான் சொன்னார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான்.